அம்மாவின் சிங்கர் தையல் மெஷின்: ஐம்பது வருசம் தாண்டிய பாவனை

எங்கள் வீட்டில் இருப்பது சிங்கர் 15கே, காலால் மிதிக்கிற மெஷின். 1972இல் பக்கத்துக் காம்பராவில் (லயத்து அறையில்) இருந்த குடும்பம் இந்தியாவுக்குக் கோச்சி ஏறுவதற்கு முந்தைய கிழமை அம்மாவிடம் விற்றுவிட்டுப் போனது. தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்புவதற்கு இரு நாடுகளும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால், லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) லயமாக ஆட்கள் குறைந்துகொண்டிருந்த காலம். அந்த வீட்டு அக்கா கடைசியாக ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு அழுததை அம்மா இன்னமும் சொல்லுவாங்க. அன்றைக்கு பொகவந்தலாவையில் எங்கள் வீட்டுக்கு வந்த மெஷின் 2005இலிருந்து என் கையில் ஓடுகிறது.

வலது ஓரத்தில் பொறித்திருக்கும் இலக்கம் ஈ.எச். என்று தொடங்கும். அது ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்ததற்கான அடையாளம். அந்தத் தொழிற்சாலையை 1980இலேயே மூடிவிட்டார்கள். ஆனால் இதற்குப் போடுகிற ஊசி, இன்றைய வீட்டு மெஷின்களுக்குப் போடுகிற அதே ஊசிதான். ஹட்டன் பஸாரில் கேட்டவுடன் கிடைக்கிறது. அடி நூல் சுற்றுகிற பொபினும் அப்படித்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த மெஷினைச் செய்தவர்களை நான் மதிக்கிறேன்.

அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் தடித்த படங்குத் துணியை நாலு மடிப்பாக வைத்து இதில்தான் தைப்பாங்க. முனகாமல் இறங்கும். இலவசச் சீருடைத் துணி வந்தால் லயத்துப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு இங்கேதான் தையல்.

ஒரே ஒரு முறை நின்றுபோனது. அதுவும் என் தவறால். 2009 மழைக்காலத்தில் மெஷின் எண்ணெய் முடிந்திருந்தது, அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன். எங்கள் ஊர்க் குளிரில் அது போத்தலிலேயே வெள்ளையாக உறைந்து கிடக்கும். உள்ளே போனால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. சில நாளில் காலையில் சக்கரம் அசையவே மறுத்தது. மத்தியானம் வெயில் வந்தால் கொஞ்சம் சுற்றும், அடுத்த நாள் திரும்பவும் இறுக்கம். முகத்தகட்டைக் கழற்றிப் பார்த்தால் ஊசிக்கம்பியைச் சுற்றி மஞ்சள் பிசின், அதில் பஞ்சு ஒட்டிக் களிம்பாகியிருந்தது. ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் மண்ணெண்ணெய் விட்டு, இரவு முழுக்க ஊறவைத்து, பழைய பல் தூரிகையால் தேய்த்து எடுத்தேன். மூன்றாம் நாள் பழைய சத்தம் திரும்பியது. தேவைப்பட்டது ஒரு திருகாணிமுடுக்கி மட்டும்தான். அதற்குப் பிறகு மெஷின் எண்ணெய் தவிர வேறொன்றும் விட்டதில்லை.

2016இல் கரண்டில் ஓடும் சின்ன மெஷின் ஒன்று வாங்கினேன். நாலு வருசத்தில் உள்ளே இருந்த பிளாஸ்டிக் பற்சக்கரம் வெடித்துவிட்டது. அந்தப் பாகம் தனியாக வராது, புதுசு வாங்குங்கள் என்றார் திருத்துபவர். சாகும்வரை உழைக்கட்டும் என்று நினைத்து வாங்கிய பொருளைத் திறந்து சரிசெய்யக்கூட வழியில்லாமல் விற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்களே, அப்போது இஸ்தோப்பு (முன்திண்ணை) வெளிச்சத்தில் அம்மாவின் மெஷினை மிதித்துத்தான் எங்கள் வீட்டுக்கு வருமானம் வந்தது.

குறைகளும் உண்டு. நேர்த்தையல் மட்டும்தான், காஜா கையால்தான் எடுக்க வேண்டும். இழுபடுகிற பனியன் துணியில் தையல் விட்டுவிட்டு விழும். மேசைப் பலகை ஈரத்துக்கு ஓரம் உரிந்திருக்கிறது. தோல் பட்டி மழை மாதங்களில் தளர்ந்து வழுக்கும். அரை அங்குலம் வெட்டி, துளை போட்டு, கம்பிக் கொக்கியைத் திரும்ப மாட்ட வேண்டும்.

போன மாதம் அப்படி வெட்டியது என் மகள். கொக்கியைக் குறட்டால் மடக்கி, சக்கரத்தில் மாட்டி, ஒரு மிதி மிதித்துவிட்டு அம்மம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா எழுந்து வந்து பட்டியை விரலால் அமுக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இறுக்கு கண்ணு" என்றாங்க.