ஐடி1050எக்ஸ் இன்ஜெக்டர்: ஒரு காலை வேலையும் மூன்று வார இறுதிகளும்

மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 9 காரை வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டுபவர்கள் சிங்கப்பூரில் இன்றும் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை மாற்றாமல் அதன் காற்றழுத்தத்தை மட்டும் சற்று உயர்த்திய பிறகு, நிமிடத்துக்கு 560 சி.சி. பெட்ரோல் தரும் பழைய இன்ஜெக்டர்கள் 7,000 சுற்று வேகத்தில் தம் நேரத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் திறந்தே கிடப்பதை எஞ்சின் கணினியின் பதிவுகள் காட்டின. 85 விழுக்காட்டைத் தாண்டவிடக் கூடாது என்பது டியூனிங் (எஞ்சினின் அமைப்புகளைச் சீர்செய்யும் வேலை) செய்பவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. அந்த வரம்புக்குள் நான்கு 560 சி.சி. இன்ஜெக்டர்களால் சுமார் 300 குதிரைத்திறனுக்கு மட்டுமே எரிபொருள் தர இயலும். ஆகவே இன்ஜெக்டர் டைனமிக்ஸ் நிறுவனத்தின் ஐடி1050எக்ஸ் தொகுதியை வாங்கினேன்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம் எரிபொருள் குழாயைத் திறக்கும் இடமன்று. மைத்துனரின் தரைவீட்டு முகப்பில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினோம். பூசையறைச் சன்னல் அந்த முகப்பைப் பார்த்தே இருந்ததால், அன்று விளக்கேற்றுவதை மாலைக்குத் தள்ளிவைக்க மாமியார் பெரிய மனத்துடன் ஒப்புக்கொண்டார். எஞ்சினில் செய்யும் மாற்றங்கள் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டவை என்பதால், பொருளை வாங்குவதற்கு முன்பே அவற்றைப் படித்துவிடுவது நல்லது.

கழற்றிப் பூட்டும் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பின்னிருக்கைக்கு அடியில் உள்ள பெட்ரோல் பம்ப்பின் மின்னிணைப்பைக் கழற்றி, எஞ்சினை அது தானாக நிற்கும்வரை ஓடவிட்டுக் குழாயின் அழுத்தத்தைத் தணித்தோம். பிறகு பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினோம். இந்த எஞ்சினில் டர்போ முன்பக்கமும் இன்ஜெக்டர்கள் ஓட்டுநர் அறைச் சுவரை நோக்கிப் பின்பக்கமும் இருப்பதால், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயான ஃபியூல் ரெயிலின் போல்ட்டுகளைக் குனிந்து எட்டித்தான் கழற்ற வேண்டியிருக்கிறது. புதிய ஓ-ரிங்குகளில் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) ஒரு துளி எஞ்சின் எண்ணெய் தடவி நேராக அழுத்தினால் அவை சிரமமின்றி உட்காருகின்றன. ரெயிலை இறுக்கிய பிறகும் ஒவ்வோர் இன்ஜெக்டரும் விரலால் திருப்பினால் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஓ-ரிங் மடங்கியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். சாவியை இரண்டு மூன்று முறை திருப்பி அழுத்தம் ஏற்றி, எங்கும் ஈரம் கசியவில்லை என்று உறுதிசெய்த பிறகே எஞ்சினை இயக்கினோம்.

தவறு நடந்தது அதற்குப் பிறகுதான், அது முழுக்க என்னுடையது. இந்தக் காரின் பழைய இன்ஜெக்டர்கள் மின்தடை குறைந்தவை. அவற்றைக் காப்பதற்காகவே எஞ்சின் அறையில் ஒரு ரெசிஸ்டர் பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஐடி1050எக்ஸ் மின்தடை மிகுந்த வகையைச் சேர்ந்தது என்பதால் அந்தப் பெட்டியை விலக்கி மின்சாரத்தை நேராகக் கொடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியும், ஆனாலும் அவசரத்தில் விட்டுவிட்டேன். மின்னோட்டம் குறைந்ததால் இன்ஜெக்டர்கள் தாமதமாகத் திறந்தன. எஞ்சின் வெறுமனே ஓடும்போது கலவையில் பெட்ரோல் குறைந்து தடுமாறியது. அதை, எஞ்சின் கணினியின் அமைப்புகளை மாற்றும் எக்யூஃப்ளாஷ் மென்பொருளில் எண்களை ஏற்றி ஏற்றிச் சரிசெய்ய முயன்று ஒரு வார இறுதி முழுவதையும் வீணாக்கினேன். மறுவாரம் பெட்டியின் இணைப்பியில் நேரடிக் கம்பியைப் போட்டுவிட்டு, நிறுவனம் தந்த தாமத எண்களை அப்படியே உள்ளிட்டவுடன் எஞ்சின் அடங்கி ஓடத் தொடங்கியது.

இந்தப் பொருளுக்குக் கொடுக்கும் காசு அந்த எண்களுக்காகத்தான் என்பது என் கருத்து. மின்சாரம் வந்த கணத்துக்கும் இன்ஜெக்டர் உண்மையில் பெட்ரோல் தெளிக்கும் கணத்துக்கும் இடையே பொதுவாக ஏறத்தாழ 1 மில்லிவிநாடி தாமதம் உண்டு. பேட்டரியின் மின்னழுத்தம் குறையக் குறைய அது கூடும். முழு வேகத்தில் இன்ஜெக்டர் 14 மில்லிவிநாடி திறந்திருக்கும்போது அந்தக் கணக்கில் 0.2 மில்லிவிநாடி பிசகினாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் எஞ்சின் வெறுமனே ஓடும்போது மொத்தமே 2 மில்லிவிநாடி, அதில் பாதி தாமதம், மீதியில் 0.2 பிசகினால் பெட்ரோலில் 20 விழுக்காடு பிசகிவிடுகிறது. நம் ஊரில் குளிரூட்டி நிற்காமல் ஓடுகிறது. மாலை நெரிசலில் கம்ப்ரஸரும் விசிறியும் சேர்ந்து இயங்கும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் சற்றே இறங்குகிறது. தாமத அட்டவணை துல்லியமாக இல்லாத மலிவான பெரிய இன்ஜெக்டரைப் பூட்டிய கார்கள் போக்குவரத்து விளக்கில் விக்கலெடுப்பதற்கு இதுவே முக்கியமான காரணம். ஐடி1050எக்ஸ், ஒரே அளவு பெட்ரோல் தருமாறு தேர்ந்து சேர்த்த நான்கு இன்ஜெக்டர்களாக, மின்னழுத்தத்துக்கும் எரிபொருள் அழுத்தத்துக்கும் ஏற்ற தாமத அட்டவணையுடன் வந்தது. அதனால்தான் பழையவற்றைப் போல ஏறத்தாழ இரு மடங்கு பெரிதாக இருந்தும் தீவு விரைவுச்சாலை நெரிசலில் என் கார் முன்னைப் போலவே அமைதியாக நிற்கிறது.

அட்டவணையை உள்ளிட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. மூன்றாவது வார இறுதியில் எஞ்சின் கணினியைப் படிக்கும் எவோஸ்கேன் மென்பொருளின் பதிவுகளைப் பார்த்து, குறைந்த, நடுத்தர, உயர்ந்த காற்றோட்டங்களுக்குக் கணினி தானாகச் செய்யும் எரிபொருள் திருத்தங்கள் மூன்றும் பூச்சியத்தை ஒட்டி வரும்வரை சிறிது சிறிதாக மாற்றினேன். டர்போவின் முழு அழுத்தத்துக்கான எண்களை, கலவையை அளக்கும் வைட்பேண்ட் அளவியும் காரை நிறுத்தி ஓட்டித் திறனை அளக்கும் டைனோவும் உள்ள பட்டறையில் கொடுத்துச் செய்துகொண்டேன். பொதுச் சாலையில் அதைச் சோதிப்பது சட்டத்துக்கும் அறிவுக்கும் ஒவ்வாதது. மலேசியாவின் செபாங் பந்தயத் தடத்துக்குச் செல்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். உட்லண்ட்ஸ் எல்லையைக் கடக்கும்போது தொட்டியில் முக்கால் பங்கு நம் 98 ஆக்டேன் பெட்ரோல் இருக்கும், திரும்பி வருவதற்கு நிரப்புவது பெரும்பாலும் 97 ஆக இருக்கும். ஆகவே குறைந்த ஆக்டேனுக்கு ஏற்பத் தீப்பொறி நேரத்தில் சிறிது விட்டுக்கொடுத்தே வைத்திருக்கிறேன்.

இப்போது அதே வேகத்தில் இன்ஜெக்டர்கள் திறந்திருக்கும் நேரம் 50 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. என் தேவைக்கு இது மிகை. ஏறத்தாழ 340 குதிரைத்திறனுக்கு 650 சி.சி.யே போதும் என்று கணக்கு சொல்கிறது. பின்னாளில் பெரிய டர்போவுக்கு அனுமதி பெறும் எண்ணமில்லாதவர்கள் இதைவிடச் சிறியதை, ஆனால் இதே தரத்தில் தாமத அட்டவணையோடு வருவதை வாங்கலாம். மூலப் பம்ப்போடு இதை மட்டும் பூட்டுவதிலும் பயனில்லை: பம்ப் திணறி எரிபொருள் அழுத்தம் விழுந்தால் எவ்வளவு பெரிய இன்ஜெக்டரும் வறண்டுதான் தெளிக்கும். நான் மணிக்கு 255 லிட்டர் தரும் வால்ப்ரோ பம்ப்பை முன்கூட்டியே போட்டிருந்தேன். எஞ்சினை மூல நிலையிலேயே வைத்திருப்பவர்களுக்கு இதனால் ஒரு குதிரைத்திறன்கூட அதிகமாகாது.

பழைய நான்கையும் சிலிண்டர் எண் எழுதிய பைகளில் இட்டு, புதியவை வந்த பெட்டியிலேயே ரெசிஸ்டர் பெட்டியின் மூல இணைப்பியோடு சேர்த்து வைத்திருக்கிறேன். காரை மூல நிலைக்குத் திருப்ப வேண்டி வந்தால் ஒரு காலைப்பொழுது போதும்.