பழைய ஃப்ளைட் ஜாக்கெட்: தோலைவிட நூலைப் பாருங்கள்

பழைய ராணுவ ஃப்ளைட் ஜாக்கெட் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் தோலைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். நான் கை ரிப்பை, அதாவது மணிக்கட்டில் வரும் கம்பளிப் பின்னல் பட்டையைப் பார்க்கச் சொல்வேன். அப்புறம் அக்குள் தையல், ஜிப்பின் அடிமுனை, உள் லைனிங். தோல் கடைசி. 1942-ஆம் ஆண்டு ராணுவ ஒப்பந்தத்தில் தைத்த ஏ-2 ரக ஜாக்கெட் ஒன்றும், அறுபதுகளின் ஜி-1 ரக ஜாக்கெட் ஒன்றும் பல வருஷமாக என்னிடம் இருக்கின்றன. குதிரைத்தோல் லேசில் போகாது. அதைப் பிடித்து நிறுத்தியிருக்கும் கம்பளி, பருத்தி நூல், பித்தளை இவைதான் முதலில் கைவிடும்.

ஏ-2-வை அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவு 1931 மே மாதம் ஏற்றுக்கொண்டது. 1943-இல் துணி ஜாக்கெட்டுக்கு மாறியதும் புது ஆர்டர்கள் நின்றன. நடுவில் ரஃப் வேர், ஏரோ லெதர், பெர்ரி, டூபோ என்று பல கம்பெனிகள் தைத்துக் கொடுத்தன. வரைபடம் ஒன்றுதான், ஆனால் காலர் வெட்டும் பாக்கெட் மூடியும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால்தான் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் லேபிளுக்கு அவ்வளவு மதிப்பு. கம்பெனி பெயரும் ஒப்பந்த எண்ணும் அதில் இருக்கும். என்னுடையது ரஃப் வேர், எண் 27752. முதுகு முழுக்க ஒரே துண்டுத் தோல்; அந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு ஏ-2 பிடிக்கும். ஜி-1 கடற்படையுடையது. ஆட்டுத்தோல், ரோமக் காலர், கையை முன்னால் நீட்டினால் இழுக்காமல் இருக்க முதுகில் இரண்டு பக்கமும் மடிப்பு. தினமும் போட்டுக்கொள்ள இதுதான் சரி.

ரிப்புக்கு வருவோம். அது கம்பளி என்பதால் அந்துப்பூச்சிக்கு விருந்து. ஜி-1 என்றால் ரோமக் காலரும் சேர்ந்துவிடும். பீரோவுக்குள் அந்துருண்டை போட்டு வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. அந்த நாற்றம் தோலில் ஏறினால் இறங்காது. புதிதாக எந்த ஜாக்கெட் வீட்டுக்கு வந்தாலும் மற்றவற்றோடு சேர்ப்பதற்கு முன் கெட்டியான பாலிதீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, டீப் ஃப்ரீஸரில் மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே இரண்டு வாரம் வைக்கிறேன். பூச்சியும் முட்டையும் அதில் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் தோல்மீது நீர் முத்துமுத்தாகப் படியும். முதுகில் பெயின்ட் படம் இருக்கும் ஜாக்கெட்டுக்கு மட்டும் இந்த வேலை ஆகாது. குளிரில் பெயின்ட் வெடிக்கும்.

இனி எண்ணெய் விஷயம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பழைய தோலைக் கண்டதும் எண்ணெய் தடவத் தோன்றுவது இயல்புதான். நீட்ஸ்ஃபுட் எண்ணெய் என்று மாட்டுக்கால் எலும்பில் எடுப்பது ஒன்று இங்கே அமெரிக்காவில் எல்லாக் கடையிலும் கிடைக்கும். தடவிய அன்று தோல் மெத்தென்று ஆகும், நிறம் கறுக்கும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் எண்ணெய் தோலோடு நிற்பதில்லை. தையல் ஓட்டை வழியாக நூலுக்குள் இறங்குகிறது, லைனிங்கில் கறையாகிறது, தூசியைப் பிடித்துவைக்கிறது. எண்பது வயதுப் பருத்தி நூல் அதைத் தாங்காது. ஒரு விற்பனையாளர் ‘நன்றாகப் பராமரித்தது’ என்று சொல்லி அனுப்பிய ஏ-2 ஒன்று, உள்ளும் புறமும் எண்ணெய் ஊறி வந்தது. கையை நுழைத்ததும் அக்குள் தையல் சத்தமே இல்லாமல் பிரிந்தது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை. அதைத் திருப்பி அனுப்பினேன்.

அருங்காட்சியகப் பராமரிப்பில் இருப்பவர்களும் இப்போது எண்ணெய், க்ரீம் எதையும் வழக்கமாகத் தடவச் சொல்வதில்லை. மென்மையான பிரஷ், பிழிந்தெடுத்த பருத்தித் துணி, அவ்வளவுதான். தோல் செந்நிறப் பொடியாகக் கையில் ஒட்டினால் மட்டும் அந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள். தாவரப் பொருள்களால் பதனிட்ட பழைய தோலில் அமிலம் ஏறி வரும் சிதைவு அது. எதைத் தடவினாலும் தோல் பழையபடி ஆகாது.

எண்ணெயின் இன்னொரு கெடுதல் உலோகத்தில் தெரியும். காலர் பட்டன்களைச் சுற்றியும் ஜிப் பற்களின் இடுக்கிலும் பச்சையாக, மெழுகு மாதிரி ஒன்று படியும். தோலில் உள்ள கொழுப்பு அமிலம் பித்தளையின் செம்போடு சேர்ந்து உண்டாகும் களிம்பு அது. எண்ணெய் கூடக் கூட களிம்பும் கூடும். பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டி, பஞ்சால் துடைத்து எடுக்கிறேன். கெமிக்கல் எதுவும் வேண்டாம். தோலில் பட்டால் கறைதான். ஜிப் இறுகினால் தேன்மெழுகைப் பற்களில் ஒருமுறை இழுத்தால் போதும். பென்சில் தேய்க்கச் சொல்வார்கள்; ஓடும், ஆனால் துணிப்பட்டை கறுத்துப்போகும்.

ஏ-2 ஜிப்பின் நோயெல்லாம் அடிமுனையில்தான். ஒரு பக்கத்து முனையில் இருக்கும் குச்சியை, ஏற்றி இறக்கும் ரன்னருக்குள் நுழைக்கும்போது இடது கையால் இரண்டு பக்கத்தையும் ஒரே மட்டத்தில் நேராகப் பிடித்துக்கொண்டு, குச்சி முழுக்க உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே ரன்னரை ஏற்ற வேண்டும். சாய்த்து இழுத்தால் துணிப்பட்டை அங்கேதான் கிழியும். டேலான், க்ரௌன், கான்மர் போன்ற அந்தக் கால ஜிப் ஒன்றை அதே நீளத்தில் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. கண்ட தையல் கடையில் கொடுத்துவிட்டால் பழையதைக் குப்பையில் போட்டு நைலான் ஜிப் வைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

நான் இருப்பது ஒஹாயோவில். குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் காற்றை உலர்த்திவிடும், கோடையில் புழுக்கம். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிற்கும்படி அறையில் ஒரு சின்ன மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். கம்பி ஹேங்கர் கூடாது, தோள் கூர்ந்துவிடும். பஞ்சு வைத்த அகல ஹேங்கர், மேலே பழைய பருத்தி வேட்டித் துணி. பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டினால் பூஞ்சைக்கு நாமே வழி செய்து கொடுத்ததாகும்.

பக்கத்திலேயே டேட்டன் விமானப்படை அருங்காட்சியகம் இருப்பது என் பாக்கியம். இரண்டாம் உலகப் போரில் 25 தாக்குதல்களை முடித்த ‘மெம்ஃபிஸ் பெல்’ குண்டுவீச்சு விமானம் 2018 முதல் அங்கேதான் நிற்கிறது. குண்டுவீச்சுக் குழுவினர் ஜாக்கெட் முதுகில் விமானத்தின் பெயரைத் தீட்டி, போய்வந்த தாக்குதல் ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டுப் படம் போட்டுக்கொள்வார்கள். அசல் பெயின்ட் தோலின் மடிப்போடு சேர்ந்து வெடித்திருக்கும். ஏற்கெனவே இருந்த வெடிப்புக்குள் பெயின்ட் இறங்கியிருந்தால் அது பின்னாளில் தீட்டியது. சீனா-பர்மா-இந்தியா போர்முனையில் இருந்தவர்களின் ஜாக்கெட்டுகளில் நம் ஊர்க் கைவினைஞர்கள் தோலில் வெட்டித் தைத்துக் கொடுத்த சின்னங்களைப் பார்க்கலாம். என்னால் அவற்றை விட்டு நகர முடிவதில்லை. நிறத்தைப் பற்றி ஒன்று: பல ஏ-2-க்களை ராணுவக் கிடங்குகளிலேயே அடர்பழுப்புச் சாயம் ஏற்றிப் புதுப்பித்தார்கள். காலரைத் தூக்கி அடியில் பார்த்தால் பழைய செம்பழுப்பு தெரியும். அது குறை அல்ல, மறுசாயம் போடவும் வேண்டாம்.

அசல் ஏ-2 வாங்கினால் எப்போதாவது போடுங்கள். கார் சீட் பெல்ட்டுக்கும் தோள்பைக்கும் கீழே மட்டும் வேண்டாம். பெரிய சைஸ் கிடைப்பது அரிது. 38, 40 தான் அதிகம் வரும், அதுவும் இன்றைய அளவுக்குப் பிடிப்பாக இருக்கும். தினமும் போட ஆசையென்றால் பிரிட்டனின் ஈஸ்ட்மன், ஜப்பானின் ரியல் மெக்காய்ஸ், பஸ் ரிக்சன்ஸ் ஆகியோர் செய்யும் மறுபதிப்புகள் நல்லவை. குறைந்த விலையில் அசலே வேண்டுமென்றால் அறுபது, எழுபதுகளின் ஜி-1 தேடுங்கள். ஆட்டுத்தோல் மழைக்கும் அவ்வளவாக அஞ்சாது. நனைந்தால் ஹீட்டர் பக்கம் கொண்டுபோகாமல், ஹேங்கரில் மாட்டி நிழலில் காயவிட்டால் சரி.