கட்டை எரியுது, உலை கொதிக்கல: மண் அடுப்பு, புகைபோக்கி அடுப்பு, ராக்கெட், விசிறி அடுப்பு – எதை மாற்றலாம், எதைச் சரிசெய்யலாம்?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து விறகடுப்பு மெஸ்களில் ஒரே புலம்பல்தான். கட்டை நிறையப் போகிறது, அடுப்பங்கரை முழுக்கப் புகை, அண்டா மட்டும் கொதிக்காது. உடனே யாராவது ஒரு புது அடுப்பைச் சிபாரிசு செய்வார்கள். இங்கே நான்கு வகை அடுப்புகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். ஒவ்வொன்றிலும் சூடு எங்கே தொலைகிறது, இருப்பதைச் சரிசெய்தால் போதுமா, மாற்றத்தான் வேண்டுமா என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு அளவுகோல். 50 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 3,500 கிலோ கலோரி வேண்டும். நன்கு காய்ந்த ஒரு கிலோ விறகில் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கிறது. அதாவது வெப்பம் ஒரு துளிகூட வீணாகாத அடுப்பு என்று ஒன்று இருந்தால் ஒரு கிலோ போதும். சாதாரண மூன்று கல் அடுப்பு பத்தில் ஒரு பங்கைத்தான் பாத்திரத்துக்குக் கொடுக்கும். ஆகவே பத்து கிலோ. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 13152 தரம், காற்று தானாக இழுக்கும் அடுப்புக்குக் குறைந்தது 25 சதவீதமும், விசிறி வைத்த அடுப்புக்கு 35 சதவீதமும் வேண்டும் என்கிறது. கணக்கில் அது 4 கிலோ, 3 கிலோ.

உங்கள் அடுப்பு எங்கே நிற்கிறது என்று அறிய, மூடி போட்ட பாத்திரத்தில் 10 லிட்டர் தண்ணீர் வையுங்கள். எடை போட்ட விறகால் கொதிக்க வையுங்கள். மிஞ்சிய கட்டையின் எடையைக் கழித்துவிடுங்கள். 2 கிலோ போயிருந்தால் 10 சதவீத அடுப்பு. 800 கிராம் என்றால் 25 சதவீதம். 600 கிராமுக்குள் முடிந்தால் அந்த அடுப்பின் மேல் கை வைக்க வேண்டாம்.

அடுப்புக்கு முன்னால் விறகு

விறகுத் தொட்டியில் எடைக்குத்தான் விலை. பச்சைக் கட்டையில் பாதி எடை தண்ணீர் என்றால், பாதிப் பணம் தண்ணீருக்குப் போகிறது. 20 சதவீத ஈரமுள்ள கிலோ விறகு 3,400 கிலோ கலோரி தரும். 40 சதவீத ஈரமென்றால் 2,400தான். இழப்பு அதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் ஆவியாக்க 600 கிலோ கலோரி தீயிலிருந்தே போவதால் தீயின் சூடு இறங்குகிறது. சூடு 600 டிகிரிக்குக் கீழே போனால் கட்டையிலிருந்து கிளம்பும் வாயு எரியாமல் புகையாகவே வெளியேறும். கண்ணைக் கரிக்கும் அந்தப் புகை, காசு கொடுத்து வாங்கிய எரிபொருள்தான்.

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க வைக்கும் வினையூக்கி அடுப்பும் இந்தப் புகையைத்தான் குறிவைக்கிறது. பல்லேடியம், பிளாட்டினம் பூசிய தேன்கூடு போன்ற பீங்கான் வழியாகப் புகையை விட்டால் அது 260 டிகிரியிலேயே எரிந்துவிடும். அங்கேயும் சூடு வரவில்லை என்றால் முதலில் சந்தேகிப்பது ஈர விறகைத்தான். அடுத்தது தேன்கூட்டில் அடைத்த சாம்பலை. நம் ஊர் அடுப்பங்கரைக்கு அந்தப் பீங்கான் தேவையில்லை, ஆனால் அந்த வரிசை அப்படியே பொருந்தும்.

சீமைக்கருவேலம் இங்கே மலிவு. கண்மாய்களிலும் தரிசிலும் மண்டிக்கிடக்கிறது. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டும் தீர்ந்தபாடில்லை. கெட்டியான கட்டை, நின்று எரியும், கங்கும் நிலைக்கும். ஆனால் உருட்டுக் கட்டையாகப் போட்டால் உள் ஈரம் மாதக்கணக்கில் போகாது. மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, செங்கல் மேல் தரை படாமல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டுப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். மாசியில் அடுக்கியது ஆவணிக்குள் தயாராகும். இரண்டு துண்டுகளைத் தட்டிப் பாருங்கள்: டங் என்று கேட்டால் காய்ந்தது, மொத்தென்று கேட்டால் காயவில்லை. இன்னும் நிச்சயம் வேண்டுமானால் பிளந்த துண்டுகள் ஒரு கிலோவை அடுப்போரம் எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். 800 கிராமில் நின்றால் விறகில் 20 சதவீதமாவது ஈரம் இருந்தது என்று பொருள்.

இதைச் சரிசெய்யாமல் எந்த அடுப்பை வாங்கினாலும் பணம் வீண். ஈர விறகில் விசிறி அடுப்பு மண் அடுப்பைவிட மோசமாகத் திணறும்.

மண் அடுப்பும் கொடி அடுப்பும்

மானாமதுரைக் களிமண்ணில் செய்ததோ கண்மாய் மண்ணில் வீட்டிலேயே போட்டதோ, குறைகள் பெரும்பாலும் மூன்றுதான். தரையிலேயே கட்டை கிடப்பதால் அடியில் காற்றில்லை. சாம்பல் நிறைந்து கங்கு மூச்சடைக்கிறது. பாத்திரம் உட்காரும் குமிழ்கள் உயரமாக இருப்பதால் தீ பக்கவாட்டில் ஓடிவிடுகிறது.

மூன்றுக்கும் மருந்து மலிவு. 10 அல்லது 12 மில்லிமீட்டர் கம்பிகளை ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து ஒரு சல்லடை செய்து, தரையிலிருந்து 5 சென்டிமீட்டர் உயர்த்தி வையுங்கள். குமிழின் உயரம் ஒரு விரல் பருமன், அதாவது ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் போதும். அதற்கு மேல் உள்ளதைச் செதுக்கிவிடலாம். கொடி அடுப்பில், அதாவது முதல் அடுப்பின் தீயை வாங்கிக்கொள்ளும் பக்கத்து வாயில், பாத்திரம் வைக்காதபோது அதை மூடாமல் விட்டால் சூட்டில் பெரும்பங்கு அந்த வழியே போய்விடும். இது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் பலரும் மூடுவதில்லை.

கனத்த மண்சுவரும் சூட்டைக் குடிக்கும். 50 கிலோ மண்ணைச் சராசரி 150 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 1,500 கிலோ கலோரி, அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான விறகு. விடிகாலையிலிருந்து ஐந்து மணி நேரம் இட்லிக் கொப்பரை ஏற்றும் கடைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒரு தடவை டீ போட்டு அணைக்கிற வீட்டுக்கு இது பெரிய நட்டம்.

பாண்டி கோயில், அழகர்கோவில் பக்கம் கிடாவெட்டுக்குத் திறந்த வெளியில் மூன்று கல் வைத்துச் சமைப்பவர்களுக்கு எதிரி காற்றுதான். காற்று வரும் பக்கம் தகரத்தை வளைத்து மறைத்தால் போதும். ஆனால் அண்டாவை ஒட்டி முழுச் சுற்றாக மூடிவிட்டால் தீ திணறும்.

புகைபோக்கி அடுப்பு

1980-களில் அரசு புகையில்லா அடுப்புகளை ஊர் ஊராகக் கொண்டுவந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்திரா ஒலெ மூன்று பாத்திரம் வைக்கும் அருமையான வடிவமைப்பு. இருந்தும் கிராமங்களில் பல புகைபோக்கிகள் கழற்றப்பட்டுவிட்டன. பெண்கள் சொன்ன குறை ஒன்றுதான்: புகை குறைந்தது, சூடும் குறைந்தது.

அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. நல்ல இழுவையுள்ள குழாய் தீயை இரண்டாம் பாத்திரத்தின் அடியைத் தொடாமலேயே வெளியே இழுத்துவிடும். இரண்டாம் வாயின் கீழே தரையை மண் போட்டு உயர்த்தி, பாத்திரத்தின் அடிக்கும் அந்த மேட்டுக்கும் நடுவே மூன்று சென்டிமீட்டர் மட்டும் விடுங்கள். தீ பாத்திரத்தை உரசிக்கொண்டு போகும். குழாயில் ஒரு தகட்டுத் தடுப்பு வைத்து, பற்றிய பிறகு பாதி மூடுங்கள். வாசல் வழியே புகை திரும்பத் தொடங்கினால் சற்றுத் திறக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. 10 சென்டிமீட்டர் குழாயில் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கரி படிந்தால் உள்பரப்பு 78-இலிருந்து 50 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழி போயிற்று. தினமும் எரிப்பவர்கள் மாதம் ஒரு தடவை, வீட்டுக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, தென்னை ஈர்க்குமாற்றைக் கயிற்றில் கட்டி மேலிருந்து இழுக்க வேண்டும். அடியில் திறக்கிற மூடி இல்லாமல் குழாய் வைத்த கொத்தனாரைத்தான் குறைசொல்ல வேண்டும். கரி எடுக்க இடமே இல்லாமல் போகும். ஆடிக் காற்றில் மட்டும் புகை திரும்பினால் குழாய் கூரை முகட்டைவிடத் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். முகட்டுக்கு மேல் ஒரு மீட்டர் ஏற்றி, உச்சியில் தொப்பி போடுங்கள்.

மூடிய அடுப்பங்கரையில் சமைப்பவர்களுக்கு, சூடு சற்றுக் குறைந்தாலும், இதைவிட்டு வேறு எதையும் பரிந்துரைக்க மனம் வராது. மற்ற மூன்றும் புகையையும் கார்பன் மோனாக்சைடையும் அறைக்குள்ளேயே விடுகின்றன.

ராக்கெட் அடுப்பு

1980-களில் அமெரிக்காவின் ஓரிகானில் லாரி வினியார்ஸ்கி வகுத்த கொள்கை இது. ‘ட’ எழுத்தின் வளைவு போல, படுக்கையாக ஒரு வாய், அதிலிருந்து செங்குத்தாக ஒரு கூண்டு. கூண்டு சூட்டை வெளியே விடாததால் புகை பாத்திரத்தை அடையும் முன்பே எரிந்துவிடுகிறது. மெஸ்ஸுக்கும் கல்யாணச் சமையலுக்கும் எங்கள் முதல் தேர்வு இதுதான், சரியாகக் கட்டினால்.

சரியாகக் கட்டுவது அரிது. முதல் தவறு, கூண்டைச் சுற்றி மணலோ களிமண்ணோ நிரப்புவது. அவை சூட்டைக் காக்காது, குடிக்கும். அரிசி ஆலைகளில் கிடைக்கும் உமிச் சாம்பல் லேசானது, உள்ளே காற்று நிறைந்தது, அதையே நிரப்புங்கள். இரண்டாவது, வாயில் தட்டு இல்லாதது. விறகு மேலே, காற்று கீழே போக நடுவில் ஒரு தகடு வேண்டும். விறகு வாயை முழுக்க அடைத்தால் தீ புகையும். மூன்றாவது, கூண்டைச் சாதாரண இரும்புத் தகட்டில் செய்வது. மாதங்களில் பொடிந்துபோகும், 304 ரக ஸ்டெயின்லெஸ் அல்லது தீச்செங்கல் வேண்டும்.

நான்காவதுதான் பலரும் கவனிக்காதது: பாத்திரத்தைச் சுற்றியுள்ள தகட்டுப் பாவாடை. அதன் இடைவெளிக்குக் கணக்கு உண்டு. கூண்டின் உள்பரப்பைப் பாத்திரத்தின் சுற்றளவால் வகுக்க வேண்டும். 18 சென்டிமீட்டர் சதுரக் கூண்டு, 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள அண்டா என்றால் 324-ஐ 141-ஆல் வகுக்க 2.3 சென்டிமீட்டர். அதைவிடக் குறைத்தால் தீ திரும்பி வாய் வழியே வரும். ஐந்து சென்டிமீட்டர் விட்டால் சூடு அண்டாவைத் தொடாமல் மேலே போகும்.

கருவேலங்கட்டை கெட்டிக் கரியைத் தள்ளுவதால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை கங்கைக் கிளறி அடியிலுள்ள காற்றுவழியைத் திறக்க வேண்டும். தென்னை மட்டை பற்றவைக்க நல்லது. அதை மட்டுமே நம்பினால் ஆள் அடுப்பை விட்டு அகல முடியாது.

விசிறி அடுப்பு

12 வோல்ட் சிறு விசிறி கீழிருந்தும், பக்கத் துளைகள் வழியாக மேலிருந்தும் காற்றை ஊதும். காய்ந்த துண்டு விறகோ, மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டோ போட்டால் கேஸ் அடுப்பை நெருங்கும் தீ. சூடு குறைகிறது என்று சரிபார்க்க வருபவை பலவற்றில் பழுதே இருக்காது, பழக்கம்தான் தவறாக இருக்கும்.

மேல் துளைகளைத் தாண்டி நிரப்பினால் அந்தக் காற்று வேலை செய்யாது; துளைக்கு இரண்டு விரல் கீழே நிறுத்துங்கள். துண்டு 5 முதல் 7 சென்டிமீட்டர் நீளம் இருக்கட்டும். மேலிருந்துதான் பற்றவைக்க வேண்டும். முக்கால் மணி நேரத்தில் நீலச்சாயல் தீ போய்க் கங்கு மட்டும் நிற்கும்போது சூடு பாதியாகக் குறையும். வாயு தீர்ந்து கரி எரியும் கட்டம் அது, கோளாறல்ல. அந்த நேரத்தில் மேலே புது விறகு போட்டால் அடுப்பங்கரை புகைக்காடுதான். உண்மையான பழுதுகள் சாம்பல் அடைத்த துளை, பேட்டரி வோல்ட் இறங்கியது, விசிறி சூட்டில் உருகியது ஆகியவை. மஞ்சள் தீயும் கரியும் வந்தால் காற்று குறைவு. தீ மேலே பிய்த்துக்கொண்டு சாம்பல் பறந்தால் காற்று அதிகம். உமியை மட்டும் போடாதீர்கள்: எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல்.

நாலைந்து பேர் உள்ள வீட்டில், திறந்த தாழ்வாரத்தில், துண்டு விறகு வெட்ட ஆள் இருந்தால் இது நல்ல அடுப்பு. 50 லிட்டர் அண்டாவுக்குத் தொகுதி தொகுதியாக நிரப்பும் இந்த அடுப்பை எடுக்காதீர்கள், நடுவில் நின்றுவிடும்.

ராக்கெட் பக்கம் போகிறவர்கள் பட்டறைக்காரரிடம் அண்டாவின் விட்டத்தை வாயால் சொல்லாமல், அண்டாவையே கொண்டுபோய்க் கொடுங்கள். விளிம்பு வளைந்த அண்டாவுக்கு வாய் அளவு வேறு, அடி அளவு வேறு. பாவாடையின் இடைவெளியை அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அளக்கச் சொல்லுங்கள்.