பெறுநர் யார்? சூதாட்டத் தடையும் கட்டுப்பாடும்: ஓர் ஒப்பீடு

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு பெண், மனு ஒன்று எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார். அவருடைய கணவர் இரவெல்லாம் கைபேசியில் ரம்மி ஆடினார். வீட்டு நகை இரண்டு முறை அடகுக்கடைக்குப் போய்விட்டது. கணவரின் விளையாட்டுக் கணக்கை யாராவது முடக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கோரிக்கை. 'அனுப்புநர்' பகுதியை எழுதி முடித்து, 'பெறுநர்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. தமிழக அரசு கொண்டுவந்த முதல் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்திருந்த காலம் அது. வேறு வழியில்லாமல் மாவட்ட ஆட்சியர் என்று எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்று அதைக் கொடுத்துவிட்டு வந்தார்.

சூதாட்டச் சட்டம் எதைப் படித்தாலும் எனக்கு அந்த மனுதான் நினைவுக்கு வருகிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய முழுத் தடை, அதே ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு வகுத்த நேர, வரம்பு விதிகள், சூதாடுபவரை உள்ளே விடாமல் விலக்கி வைக்கும் சிங்கப்பூரின் விலக்கு ஆணை முறை ஆகிய மூன்றையும் அந்தப் பெண்ணின் இடத்திலிருந்தே இங்கு ஒப்பிடுகிறேன்.

முழுத் தடையின் பெரிய வலிமை, அது ஒரு பழைய வாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்ததுதான். ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் கூறியதை நிறுவனங்கள் நெடுங்காலம் கேடயமாகப் பிடித்திருந்தன. முதல் தடை ரத்தானபின் தமிழகம் கொண்டுவந்த அடுத்த சட்டத்தை 2023 நவம்பரில் ஏற்றுக்கொண்ட உயர் நீதிமன்றமும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலிலிருந்து நீக்கியது. மத்தியச் சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் எல்லா இணைய விளையாட்டுகளையும் தடை செய்தது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. விளம்பரம் செய்பவருக்கும் தண்டனை உண்டு. வங்கிகள் அந்தப் பணப் பரிமாற்றத்துக்குத் துணைபோகக் கூடாது. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. சட்டம் வந்த சில நாட்களிலேயே இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து அத்தகைய நிறுவனம் ஒன்றின் பெயர் மறைந்தது. அந்தச் சட்டையைப் பார்த்து வளரும் பிள்ளைகளை நினைத்தால், இது ஒன்றே பெரிய பாதுகாப்பு என்பேன்.

ஆனால் ஏற்கெனவே அடிமையானவருக்குத் தடை என்ன செய்யும் என்பதற்கு நம்மிடம் இருபது ஆண்டுகளுக்கு மேலான அனுபவம் இருக்கிறது. 2003 ஜனவரியில் தமிழ்நாடு லாட்டரியைத் தடை செய்தது. பெட்டிக்கடைகளில் தோரணமாகத் தொங்கிய சீட்டுகள் மறைந்தன. எத்தனையோ தொழிலாளர் குடும்பங்கள் மூச்சுவிட்டன. அதே வேளையில், கேரள லாட்டரியின் கடைசி மூன்று எண்களை வைத்துப் பந்தயம் கட்டும் 'மூன்று நம்பர்' வியாபாரம் துண்டுச் சீட்டிலும் பின்னர் வாட்ஸ்அப்பிலும் வளர்ந்தது. அதற்காகக் கைதானவர்களைப் பற்றிய செய்தி இன்றும் நாளிதழ்களில் வருகிறது. அங்கே வயதுச் சோதனை கிடையாது, உச்சவரம்பு கிடையாது, ஏமாந்தவர் புகார் சொல்லவும் வழி கிடையாது. வெளிநாட்டிலிருந்து இயங்கும் சூதாட்டத் தளங்களும் இத்தகையவைதான். அவற்றுக்குள் மறைவாகப் போய்விட்டவரை மனைவியாலும் பின்தொடர முடியாது, அரசாலும் முடியாது.

மத்தியத் தடைக்கு முன் வந்த தமிழக விதிகள் ஆட்டத்தை அனுமதித்து அதற்கு வேலி கட்டின. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது. கணக்குத் தொடங்க ஆதார் சரிபார்ப்பு வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதியில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆடினால் அரை மணிக்கு ஒருமுறை எச்சரிக்கை தோன்ற வேண்டும். இவற்றை 2025 ஜூனில் உயர் நீதிமன்றமும் ஏற்றது. இவற்றில் நான் மிகவும் மதிப்பது இரவு நேரத் தடையைத்தான். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வெறி பிடிப்பது வீடு உறங்கிய பிறகுதான். தடுக்க ஆளில்லாத அந்த ஐந்து மணி நேரத்தை அடையாளம் கண்டு எழுதப்பட்ட விதி அது. பண வரம்பு விதியோ பலவீனமானது. தோற்றுக்கொண்டிருப்பவரே தன் வரம்பைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு செயலியில் வரம்பு முடிந்தால் அடுத்த செயலி காத்திருந்தது. நார்வே 2007-இல் சூதாட்ட இயந்திரங்களை அடியோடு அகற்றியது. 2009-இல் அரசு நிறுவனத்தின் மூலம் அவற்றை மீண்டும் கொண்டுவந்தபோது, பெயருடன் இணைந்த அட்டையையும் கட்டாய இழப்பு வரம்பையும் சேர்த்தே கொண்டுவந்தது. அதுதான் உண்மையான வரம்பு.

சிங்கப்பூர் 2010-இல் இரண்டு சூதாட்ட விடுதிகளை (கேசினோ) திறந்தது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாள் நுழைவுக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும். 2019-க்கு முன் அது 100 வெள்ளி. எனக்கு அந்தக் கட்டணம் பெரிதாகப் படவில்லை. வெறி பிடித்தவர் அதையும் கடன் வாங்கிக் கட்டுவார். கடவுச்சீட்டோடு வரும் வெளிநாட்டவருக்குக் கட்டணமே இல்லை என்பதால், நம் ஊரிலிருந்து கட்டுமான வேலைக்குப் போன இளைஞரை அது தடுப்பதுமில்லை. அங்கே நான் பொறாமையோடு பார்ப்பது குடும்ப விலக்கு ஆணையை. மனைவியோ கணவரோ பெற்றோரோ பிள்ளையோ உடன்பிறந்தவரோ சூதாட்டப் பிரச்சினைகளுக்கான தேசிய மன்றத்திடம் விண்ணப்பிக்கலாம். குழு ஒன்று இரு தரப்பையும் கேட்டு, அந்த நபர் உள்ளே நுழையாதபடி ஆணையிடும். அரசு நிதியுதவி பெறுபவர்களும் கடனிலிருந்து விடுபடாத நொடித்தவர்களும் யாரும் விண்ணப்பிக்காமலே விலக்கப்படுகிறார்கள். எங்கள் தெருப் பெண் கேட்டது இதைத்தான். அங்கே அவருடைய மனுவுக்குப் பெறுநர் உண்டு.

மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், விளம்பரத்தையும் வங்கி வழியையும் அடைத்த முழுத் தடையின் பக்கமே நிற்பேன். வருவாய்க்காக அரசே சூதாட்டத்தைச் சார்ந்திருக்கும் நிலை அதில் இல்லை. ஆயினும், ஆடுபவர் குற்றவாளியல்லர் என்று சொன்ன சட்டம், அவருடைய வீட்டாருக்கு என்ன வழி என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இணைய விளையாட்டு ஆணையம் ஏற்கெனவே இருக்கிறது. குடும்பத்தாரின் விண்ணப்பத்தை அது பெற்று, உரிய விசாரணைக்குப் பின், சந்தேகத்துக்குரிய பரிமாற்றங்களை அந்த நபரின் கணக்கில் நிறுத்தும்படி வங்கிக்குச் சொல்லவும், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அவரை அனுப்பவும் அதிகாரம் தரலாம். 14416 என்ற மனநல உதவி எண் இன்றும் இயங்குகிறது. மதுவுக்கு அடிமையானவரை எங்கே அழைத்துப் போவது என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ரம்மிக்கு அடிமையானவரையும் அதே மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம் என்பதை அந்தப் பெண்ணுக்கு அன்று யாரும் சொல்லவில்லை, நான் உட்பட.