டொயோட்டா மிராய்: வண்டி அருமை, பங்க்கைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

கலிஃபோர்னியாவில், ஹைட்ரஜனில் ஓடும் டொயோட்டா காரான மிராய், பழையது அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது. இரண்டாம் தலைமுறை (2021 மாடல் முதல்) வண்டியை மட்டும் வைத்துப் பேசினால் குறை சொல்ல இடமே இல்லை. ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் 128 கிலோவாட் ஃப்யூயல் செல் ஸ்டாக், 182 குதிரைத்திறன் மோட்டார், பின்சக்கர இயக்கம், சத்தமே இல்லாத ஓட்டம். மூன்று டேங்கிலும் சேர்த்து 700 பார் அழுத்தத்தில் 5.6 கிலோ ஹைட்ரஜன் பிடிக்கும். எக்ஸ்எல்இ மாடல் ஒருமுறை நிரப்பினால் ஓடும் தூரம், அரசு அளவீட்டின்படி, 402 மைல். ஃப்ரீவேயில் 75 மைல் வேகத்தில் ஏசியோடு போகிறவர்கள் கிலோவுக்கு 60 மைல் என்று வைத்துக்கொள்வது பத்திரம்.

வண்டியோடு நாள்பட வாழும்போது சிக்கல் எல்லாம் பங்க்கில்தான். ஹைட்ரஜனை வேகமாக அடைத்தால் டேங்க் சூடேறும். 85 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. அதனால் பங்க்கிலேயே வாயுவை மைனஸ் 40 டிகிரி அளவுக்குக் குளிர்வித்துத்தான் அனுப்புகிறார்கள். காற்றில் ஈரம் இருந்தால் நாசிலின் உலோகத்தில் பனி படியும். இரண்டு மூன்று வண்டி அடுத்தடுத்துப் பிடித்திருந்தால், நிரப்பி முடித்தபின் நாசில் வண்டியின் வாயோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது இழுக்கவோ முறுக்கவோ கூடாது. உள்ளே இருக்கும் சீல் கெட்டுவிடும். சில நிமிடம் பொறுத்தால் தானே விடும். முந்தைய வண்டி விட்டுப்போன பனித்துகள் நாசிலில் தெரிந்தால், மாட்டும் முன் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். துணி ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள்.

அதே துணியால் வண்டியின் வாய்ப்பகுதியைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகளையும் துடைக்க வேண்டும். டேங்கின் சூட்டையும் அழுத்தத்தையும் பங்க் இயந்திரத்துக்குச் சொல்வது அவைதான். அழுக்கால் தகவல் போகாவிட்டால், இயந்திரம் பாதுகாப்புக்காக முன்கூட்டியே நிறுத்திவிடும், டேங்க் நிறையாது. 700 பார் அழுத்தத்தில் நிரப்பும் ஹெச்70 குழாய் கோளாறு என்று ஹெச்35 குழாய் பக்கம் போனால் அழுத்தம் 350 பார்தான்; பாதிக்குச் சற்று மேல்தான் ஏறும்.

ஐந்து நிமிடத்தில் நிரம்பும் என்ற விளம்பரம் முதல் வண்டிக்குப் பொருந்தும். பங்க்கின் உயர் அழுத்தச் சேமிப்பு வற்றியதும், கம்ப்ரஸர் அதை மீண்டும் ஏற்றும்வரை மூன்றாவது, நான்காவது வண்டி காத்திருக்கத்தான் வேண்டும். பங்க்குகளின் நிலவரம் காட்டும் செயலியில் அன்றைய நிலை பார்க்காமல் கிளம்பாதீர்கள். டேங்க் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும்போதே நிரப்பிவிடுங்கள். நடுவழியில் தீர்ந்தால் கேனில் வாங்கி ஊற்றுகிற எரிபொருள் அல்ல இது. வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் பங்க்குக்குப் போகவேண்டும். 2019 ஜூனில் சான்டா கிளாராவில் பங்க்குகளுக்கு ஹைட்ரஜன் அனுப்பும் ஆலை ஒன்றில் வெடிப்பு நடந்தபோது வடக்கு கலிஃபோர்னியா முழுக்கத் தட்டுப்பாடு வந்தது. 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் அங்கே தன் கார் பங்க்குகளை மூடிவிட்டது. இருக்கிற பங்க்கே கொஞ்சம். அதில் ஒன்று போனாலும் அந்த வட்டாரமே தவிக்கிறது.

விலைக்கு வருவோம். கிலோ 16 டாலருக்குள் விற்றது, 2023-ல் பல இடங்களில் 36 டாலர் ஆனது. டேங்க் காலியாகிப்போனால் நிரப்ப 200 டாலர். மைலுக்கு 60 சென்ட். கேலனுக்கு 50 மைல் தரும் பெட்ரோல் ஹைபிரிட், கேலன் 5 டாலர் என்றாலும், மைலுக்கு 10 சென்ட்தான். புது வண்டியோடு தந்த 15,000 டாலர் எரிபொருள் கார்டு பழைய விலையில் 56,000 மைல் வந்திருக்கும். 36 டாலரில் 25,000 மைலோடு சரி. வண்டி கைமாறினால் அந்தக் கார்டு கூடவே வருவதில்லை.

இந்த விலைக்குப் பின்னால் இயற்பியலும் நிற்கிறது. தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். அழுத்தவும் குளிர்விக்கவும் ஆகும் செலவோடு சேர்த்து 60 யூனிட் என்று வையுங்கள். அதில் மிராய் 60 மைல் போகிறது. அதே 60 யூனிட்டில் பேட்டரி கார் 180 மைலுக்குக் குறையாமல் போகும். சொந்தக் காருக்கு ஹைட்ரஜன் எடுபடாது என்று உறுதியாகச் சொல்வது இந்தக் கணக்கால்தான். தினமும் ஒரே டிப்போவுக்குத் திரும்பும் பேருந்து, கனரக லாரி, மின்கம்பி இல்லாத ரயில் தடம் ஆகியவற்றின் நிலைமை வேறு. ஒரே இடத்தில் நிரப்பு நிலையம் இருந்தால் போதும். சென்னை ஐசிஎஃப்-இல் உருவான ஹைட்ரஜன் ரயில் ஹரியானாவின் ஜிந்த்–சோனிபட் தடத்துக்குத் திட்டமிடப்பட்டது இந்த வழியில்தான்.

பராமரிப்பில் ஆயில் மாற்றும் வேலை இல்லை. ஆனால் ஸ்டாக்கின் கூலன்ட் மின்சாரம் கடத்தாத தனி வகை. சாதாரண கூலன்ட்டை மறந்தும் ஊற்றக்கூடாது. அதில் சேரும் அயனிகளைப் பிடிக்கும் ஃபில்டரைக் கையேட்டில் சொன்ன தவணையில் மாற்றுங்கள். ஸ்டாக்குக்குள் போகும் காற்றை வடிகட்டும் ஃபில்டரில் அலட்சியம் வேண்டாம்; புகையில் வரும் கந்தகம் ஸ்டாக்குக்குள் வினையைத் தூண்டும் பிளாட்டினத்தைக் கெடுக்கும்.

பழையதை வாங்கியே தீருவது என்றால், முதலில் எரிபொருள் மூடியைத் திறந்து உள்ளே ஒட்டியிருக்கும் தேதியைப் படியுங்கள். டேங்க் தயாரித்து 15 ஆண்டு கழிந்தால் அதில் ஹைட்ரஜன் நிரப்பக்கூடாது. அடுத்து, ஃப்யூயல் செல் பாகங்களுக்கான 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் வாரண்டியில் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். பிறகு இரண்டு வாரம், காலையும் மாலையும், வீட்டுக்கு அருகில் உள்ள இரண்டு பங்க்குகளின் நிலவரத்தைச் செயலியில் பார்த்துக் குறித்து வையுங்கள். அந்த இரண்டு வாரத்தில் இரண்டும் சேர்ந்தாற்போல் மூடியிருந்தது மூன்று தடவை என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.