கடல் இல்லாத சேலத்தில் தண்ணீர்க்கரை தேடிப் போனோம்

சேலம் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. அமெரிக்காவில் நான் குடியிருக்கும் மின்னசோட்டா மாநிலத்துக்கும் கிடையாது. ஆனால் அங்கே ஜூன் பிறந்துவிட்டால் ஊரே தண்ணீர்க்கரையில்தான் இருக்கும். பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டும் 11,842 என்று அந்த மாநிலம் கணக்கு வைத்திருக்கிறது. வண்டி நம்பர் பிளேட்டில்கூட '10,000 ஏரிகள்' என்று அச்சடித்திருக்கும். மினியாபொலிஸ் நகரத்துக்குள்ளேயே ஏரிக்கரைகளில் மணல் பரப்பி, குளிக்கும் எல்லையை மிதவை கட்டிக் காட்டியிருப்பார்கள். கோடை முழுக்க வாராவாரம் தண்ணீரைச் சோதித்து, கிருமி கூடினால் அந்தக் கரையை மூடிவிடுவார்கள்.

ஊருக்கு வந்தால் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "புள்ளையப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிட்டுப் போ, பீச் பாக்கட்டும்." இந்த ஆடியில் மாவட்ட எல்லையைத் தாண்டுவதில்லை என்று நானும் அம்மாவும் பேசி முடிவு செய்தோம். முழங்கால் வலியுள்ள அம்மா, எட்டு வயது மகள், நான். மூன்று பேருக்கும் வசதி எப்படி இருந்தது என்பதை, அடுத்த விடுமுறைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பூலாம்பட்டி. சேலத்திலிருந்து எடப்பாடி போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்தோம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் கண்டக்டர் பணம் வாங்காமலே எங்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அம்மாவுக்கு இது பழகிப்போய்விட்டது. எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கிறது. கையில் காசில்லாத ஒரு பெண் ஆற்றங்கரை வரை போய்த் திரும்பலாம் என்றால் அதைவிடப் பெரிய சுற்றுலா வசதி எது?

பூலாம்பட்டியில் காவிரி ஓடுவது கண்ணுக்கே தெரியாது. கீழே நெரிஞ்சிப்பேட்டை கதவணை தண்ணீரைத் தேக்கி நிறுத்துவதால் ஆறு அகன்று ஏரியாகிக் கிடக்கிறது. மேட்டூருக்குக் கீழே மின்சாரத்துக்காகக் கட்டிய கதவணைகளில் அது ஒன்று. 30 மெகாவாட் மின்சாரத்துக்காக எழுப்பிய சுவர், கேட்காமலே ஒரு நீர்க்கரை ஊரையும் கொடுத்துவிட்டது. இந்தக் கரை சேலம், எதிர்க்கரை ஈரோடு மாவட்டம். தென்னை, வாழை, கைலாசநாதர் கோயில், தூரத்தில் மலைத்தொடர். 'குட்டிக் கேரளா' என்று சொல்லிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் வருகிறது.

எனக்கு அங்கே நின்றபோது லேக் சிட்டி என்ற ஊர் ஞாபகம் வந்தது. மின்னசோட்டாவின் கிழக்கு எல்லையில், மிசிசிப்பி ஆற்றின் கரையில் இருக்கும் சிற்றூர். அங்கே பக்கத்து மாநிலத்திலிருந்து வந்து சேரும் சிப்பெவா ஆறு கொண்டுவந்து கொட்டும் மணல், மிசிசிப்பியையே மறித்து பெப்பின் என்ற ஏரியாக அகட்டிவிட்டது. 1922-ல் அந்த ஏரியில்தான் ஓர் இளைஞர் பலகையைக் காலில் கட்டிக்கொண்டு படகின் பின்னால் நீர்ச்சறுக்கு விளையாடிக் காட்டினார். நீர்ச்சறுக்கு பிறந்த ஊர் என்று அந்த ஊர் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. வாரக்கடைசியில் அங்கே போகிறவர்களுக்குக் கரையோரம் நடைபாதை, நிழல், கழிப்பறை, உட்கார பெஞ்சு எல்லாம் உண்டு. பூலாம்பட்டியின் அழகு அதற்கு ஒரு மாற்றுக்கூடக் குறைவில்லை. அதோடு நம்மிடம் இருக்கும் ஒன்று அங்கே இல்லை: ஊர் மக்களின் அன்றாடப் படகு.

பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே ஓடும் விசைப்படகு சுற்றுலாவுக்காக வந்ததல்ல. காய்கறிக் கூடையோடு பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், பைக்கை ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் என எல்லாரும் அதில்தான் அக்கரை போகிறார்கள். சாலை வழியே சுற்றினால் வெகுதூரம். படகுக்காரர் அம்மாவின் கையைப் பிடித்து இறக்கி, "அம்மா நீங்க நடுவுல உக்காருங்க, பாப்பாவ ஓரத்துல விடாதீங்க" என்றார். லைஃப் ஜாக்கெட் கேட்டோம். மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். பைக் ஏறும்போது படகு ஒரு பக்கம் சாயும், பயப்படவேண்டாம் என்று முன்கூட்டியே மகளிடம் சொன்னார். எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித்தராத சேவை இது. அக்கரையில் இறங்கி, டீ குடித்துவிட்டு, அடுத்த படகில் திரும்பினோம். மகள் மறுபடியும் போகலாம் என்றாள், போனோம். அணையிலிருந்து உபரிநீர் நிறையத் திறந்துவிட்டால் படகை நிறுத்திவிடுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். ஆடி, ஆவணியில் கிளம்புமுன் அன்றைய நீர்திறப்புச் செய்தியைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

மேட்டூர் எல்லாருக்கும் தெரிந்த இடம்தான். 1925-ல் கட்டத் தொடங்கி 1934-ல் முடித்த அணை. 120 அடி உயரத்துக்கு 93.47 டிஎம்சி தண்ணீர் நிற்கும். டெல்டாவுக்கு ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். ஆனால் நான் சொல்ல வருவது மீன் கடைகளைப் பற்றி. கட்லாவும் ஜிலேபியும் கெளுத்தியும் மசாலா தடவி வரிசையாக அடுக்கியிருக்கும், நாம் கைகாட்டுவதை எண்ணெயில் போட்டுக் கொடுப்பார்கள். கடைக்கார அக்கா மகளைப் பார்த்து, "கண்ணு, முள்ளு எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்டு, விரலாலேயே பிரித்து இலையில் வைத்தார். பணம் கட்ட கியூஆர் அட்டை. என் என்ஆர்ஓ கணக்கை (வெளிநாட்டில் குடியிருப்பவர்கள் இந்திய வங்கியில் வைக்கும் கணக்கு) அமெரிக்க போன் எண்ணோடு யுபிஐ-யில் இணைத்து வைத்திருந்ததால் அங்கேயே கட்ட முடிந்தது. அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் சிலவற்றின் எண்களுக்கு 2023-லிருந்து இந்த வசதி இருக்கிறது. உங்கள் வங்கி தருகிறதா என்று கிளம்புமுன் கேட்டு வையுங்கள். ஊரில் எதற்கும் சில்லறை தேடி அலைய வேண்டியிருக்காது.

மேட்டூரைத் தாண்டி கொளத்தூர்ப் பக்கம் பண்ணவாடி இருக்கிறது. அணைக்குள் மூழ்கிய பழைய ஊரின் நந்தியும் தேவாலயக் கோபுரங்களும் நீர்மட்டம் வெகுவாக இறங்கினால் வெளியே தெரியும். நாங்கள் போனபோது தண்ணீர் நிறைய இருந்ததால் எதுவும் தெரியவில்லை. அம்மா கரையிலேயே நின்று கும்பிட்டுக்கொண்டார்.

இனி எனக்கு வருத்தம் தந்த விஷயம். ஆற்றோரம் ஓர் ஊரில் குளிக்க இறங்கினோம். பெண்கள் குளித்துவிட்டு உடை மாற்ற நான்கு சுவர் இல்லை. ஒருவர் சேலையைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் மாற்றினார்கள். அம்மாவுக்குக் கழிப்பறை வேண்டியிருந்தது. இருந்த ஒன்று பூட்டிக் கிடந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. டீக்கடைக்காரர் மனைவி தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் செய்ததை நான் மறக்கமாட்டேன், ஆனால் ஊருக்கு வருகிற எல்லாப் பெண்களையும் அவர் வீடு தாங்காது. வேறொரு பரிசல் துறையில் லைஃப் ஜாக்கெட் இருந்தது, ஆனால் எல்லாம் பெரியவர்கள் அளவு. மகளுக்குப் போட்டால் தலை வழியாகக் கழன்றுவிடும். ஏறாமல் திரும்பினோம்.

இதைச் சின்னக் குறை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆடிப்பெருக்கு அன்று காவிரிக் கரை முழுக்கக் குடும்பம் குடும்பமாக இறங்குகிறது. புது மணமக்கள், கைக்குழந்தைகள், பாட்டிகள் எல்லாரும் வருகிறார்கள். பழக்கமில்லாதவர்களுக்கு இந்த ஆற்றின் ஆபத்தே அதன் அமைதிதான். மேலே மதகு திறந்தால் கீழே மட்டம் உயரும். பாறைக்கு அடுத்த அடியில் பள்ளம் இருக்கும். எங்கே இடுப்பளவு, எங்கே ஆள் மூழ்கும் ஆழம் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். அதை ஒரு கயிறும் நாலு மிதவையும் கட்டி வெளியூர்க்காரர்களுக்கும் தெரியப்படுத்தலாம்.

ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனோம். ஏரியில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம், பக்கத்திலேயே அண்ணா பூங்கா. கூட்டமில்லாத வார நாளில் துடுப்புப் படகு நிதானமாக இருந்தது. மே மாதக் கோடை விழாச் சமயத்தில் குழந்தைகளோடு போகாதீர்கள் என்பேன், வளைவுகளிலேயே பாதி நாள் போய்விடும். குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் உண்டு.

ஏற்காட்டில் ஒரே இடறல் தங்குமிடம். மகளிடம் அமெரிக்கப் பாஸ்போர்ட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையும் இருக்கின்றன. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இணையத்தில், 'படிவம் சி' என்று பலரும் சொல்லும் படிவத்தில், பதிய வேண்டும், ஓசிஐ அட்டை இருந்தாலும் அதிலிருந்து விலக்கு இல்லை. நாங்கள் முதலில் போன லாட்ஜில் அந்தப் பதிவு வசதி இல்லை என்று சொல்லி, முன்பணம் கட்டியிருந்தும் அறை தரவில்லை. அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்து போன விடுதியில் வரவேற்பிலிருந்த தம்பி பத்து நிமிடத்தில் பதிந்து, "பாட்டிக்குக் கீழ்த்தளத்துலயே ரூம் தரேங்க்கா" என்றார். அறை பதியும்போதே 'படிவம் சி போடுவீர்களா' என்று போனில் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளோடு வருகிற எல்லாருக்கும் இது பொருந்தும்.

சேலத்திலேயே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கன்னங்குறிச்சியில் மூக்கனேரி இருக்கிறது. 2010-ல் சேலம் மக்கள் குழு தூர்வாரி, அள்ளிய மண்ணைக் கொண்டே ஏரிக்குள் திட்டுகள் அமைத்து மரம் நட்டது. இன்று அந்தத் திட்டுகளில் பறவைகள் அடைகின்றன. அம்மாவால் முழங்கால் வலியோடும் போய்வர முடிந்தது, ஏனென்றால் வீட்டிலிருந்து ஆட்டோ தூரம். நிர்வாகத்துக்காகக் காத்திருக்காமல் ஊர்க்காரர்களே ஒரு நீர்க்கரையை மீட்கலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்தத் தைரியத்தில் நானும் அம்மாவும் ஒரு மனு எழுதியிருக்கிறோம். காவிரிக் கரையில் மக்கள் குளிக்கும் துறைகள் ஒவ்வொன்றிலும் பெண்களுக்கு உடைமாற்றும் அறை, பகல் முழுக்கத் திறந்திருக்கும் கழிப்பறை, ஆழத்தைக் காட்டும் மிதவைக் கயிறு, பிள்ளைகள் அளவு லைஃப் ஜாக்கெட், முதல் படகும் கடைசிப் படகும் எத்தனை மணிக்கு என்று எழுதிய பலகை. திங்கட்கிழமை குறைதீர் நாளில் அண்ணன் அதைக் கலெக்டர் ஆபீசில் கொடுக்கிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எடப்பாடி, மேட்டூர், கொளத்தூர்ப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் இதையே தங்கள் ஊர்த் துறையின் பெயரைப் போட்டு எழுதிக் கொடுங்கள்.