கிட்டார் ஆம்ப் கேப்சர் பேக் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

மார்ஷல் ஜேசிஎம்800 2203 ஆம்பிலிருந்து நேரடியாக எடுத்தது என்று சொல்லி இணையத்தில் ஒருவர் விற்ற கேப்சர் பேக்கை, அதாவது அந்த ஆம்பின் ஒலியை நகலெடுத்த ஃபைல்களின் தொகுப்பை, காசு கொடுத்து வாங்கினேன். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற ப்ளக்இன் மென்பொருளில் ஓடும் ஃபைல்கள். கெயின் (கூட்டக் கூட ஒலி கரகரக்கும்) 2, 4, 6, 8 என்று வரிசையாகப் பெயர் வைத்திருந்தார். வாசித்துப் பார்த்தால் 4-க்கும் 8-க்கும் சத்தம்தான் கூடியதே தவிர, டிஸ்டார்ஷன், அதாவது அந்தக் கரகரப்பு, துளியும் மாறவில்லை.

ஒரு கேப்சர் என்பது ஆம்பின் நாப்கள் ஏதோ ஒரு நிலையில் நிற்கும்போது எடுத்தது. கெயின் 4-இல் எடுத்ததை நாம் பிறகு 8 ஆக்கிக்கொள்ள முடியாது. ப்ளக்இன்னில் இன்புட்டைக் கூட்டினால் உள்ளே போகும் சிக்னல்தான் பெரிதாகும். ஆம்பின் நாப் திரும்பாது. அதனால் ஒவ்வொரு நிலைக்கும் நாபைத் திருப்பி வைத்து, சில நிமிட டெஸ்ட் ஆடியோவை ஆம்ப் வழியாக அனுப்பி, பதிவு செய்து, அந்த ஆம்பைப் போல ஒலிக்கும் கணினி மாடலைத் தனியாகப் பயிற்றுவிக்க வேண்டும். நாம் காசு கொடுப்பதே இந்த உழைப்புக்குத்தான்.

சந்தேகம் வந்து ஃபைல்களை நோட்பேடில் திறந்தேன். இந்த .nam ஃபைல்கள் வெறும் எழுத்துக் கோப்புகள்தான், யாரும் திறந்து படிக்கலாம். உள்ளே 'வெயிட்ஸ்' என்று ஒரு நீண்ட எண் பட்டியல் இருக்கும். மாடலின் உயிரே அதுதான். நான்கு ஃபைல்களிலும் அந்தப் பட்டியல் எண்ணுக்கு எண் ஒன்றாகவே இருந்தது, கடைசி எண்ணைத் தவிர. வழக்கமான வேவ்நெட் வகை மாடலில் அந்தக் கடைசி எண் வெளியே வரும் ஒலியின் அளவைக் கூட்டிக் குறைப்பது. ஒரே கேப்சரை எடுத்து, ஓர் எண்ணை மட்டும் மாற்றி, நான்காக விற்றிருக்கிறார்! தனித்தனியாகப் பயிற்றுவித்த இரண்டு மாடல்களில் எண்கள் இப்படி ஒத்துப்போக வாய்ப்பே இல்லை.

இன்னொரு ஃபைலில் 'மாடல்டு பை' (உருவாக்கியவர்) என்ற இடத்தில் வேறொருவர் பெயர் அழிக்கப்படாமல் கிடந்தது. அவர் இலவசமாகப் பகிர்ந்த கேப்சர் அது. அவர் உழைப்பை இவர் விற்றுக்கொண்டிருக்கிறார் என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

போதாததற்கு, ஆம்ப் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பகுதி) மட்டும் என்று எழுதியிருந்த சில ஃபைல்களில் ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்தே பதிவாகியிருந்தன. அதன்மேல் நாம் ஐஆர் (ஸ்பீக்கர் கேபினெட், மைக் ஒலியைத் தரும் ஃபைல்) போட்டால் இரண்டு கேபினெட் சேர்ந்து, ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல அமுங்கிவிடும்.

விற்றவருக்கு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பினேன். டவுன்லோட் செய்த பொருளுக்குப் பணம் திரும்பாது என்று ஒரு வரி பதில். அப்புறம் மௌனம்.

எந்த பேக் வாங்குவதானாலும் முதலில் ஒரே ஆம்பின் இரண்டு கெயின் நிலைகளை மாதிரிக்குக் கேளுங்கள். ஆடியோ டெமோ போதாது, ஃபைலாகவே வேண்டும். வெயிட்ஸ் பட்டியலை ஒப்பிடுங்கள், ஃபைலுக்குள் 'வேலிடேஷன் ஈஎஸ்ஆர்' (மாடல் அசல் ஆம்பிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற பிழை அளவு) இருக்கிறதா என்று பாருங்கள்; 0.01-க்குக் கீழே இருந்தால் நல்ல கேப்சர். ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றே திறந்து பாருங்கள். பணம் செலுத்திய வழியில் புகார் கொடுக்கக் காலக்கெடு உண்டு.